ரிப்பனுக்கு இந்தப் பக்கம் கொய்யா

1

இந்தக் கதை எனக்குள் ஊறி வந்ததல்ல. ஆர்டர் கொடுத்து வாங்கினார்கள், பிறகு வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். திரும்பி வந்த பலகாரத்தைத்தான் உங்களுக்குப் பரிமாறுகிறேன். கெட்டுப்போகவில்லை, முகர்ந்து பார்த்துக்கொள்ளலாம்.

ராஜபாளையத்தைத் தாண்டி, தென்காசி ரோட்டில், ஒரு கம்பெனி விளைபொருள் ரிலே மையம் ஒன்று கட்டி முடித்திருக்கிறது. திறப்பு விழாவுக்கு மலர் போட வேண்டும் அல்லவா? வழவழப்பான தாள், முன்பாதி முழுக்க வாழ்த்துரை, பின்பாதி முழுக்க விளம்பரம். இரண்டுக்கும் நடுவே ஒரு சிறுகதை இருந்தால் கௌரவமாக இருக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். என்னைத் தேடி வந்தவர் ஆஸ்டின், கம்பெனியின் மண்டலத் தலைவர். சொந்த ஊர் தளவாய்புரம். பேச்சில் தளவாய்புரத்தைத் தேடினால் கிடைக்காது, கோபம் வந்தால் மட்டும் தானாக எட்டிப்பார்க்கும்.

"கதை பாசிட்டிவா இருக்கணும் சார். கடைசில விவசாயி சிரிக்கணும். தலையில முண்டாசு இருந்தா நல்லது. அப்புறம் லோக்கல் ஃபீல். பால்கோவா, ராஜபாளையம் நாய், ஆண்டாள் கோயில் கோபுரம், மூணும் எங்கயாவது வந்துரட்டும்."

(வந்துவிட்டன. மேல் வரியில் மூன்றும் வரிசையாக நிற்கின்றன. நிபந்தனை நிறைவேறியது. இனி இந்தக் கதையில் நாய் குரைக்காது.)

விழா இன்னும் நடக்கவில்லை. ஆகவே அதை என் தலைக்குள்ளேயே ஒருமுறை நடத்திப் பார்த்து எழுதினேன். அங்கேதான் எல்லாம் கோணிக்கொண்டது.

2

தொடக்கங்கள் மூன்று எழுதினேன். அழித்தவற்றையும் வைத்திருக்கிறேன்.

அ) "விடியற்காலை. மலையடிவாரத்தில் கூமாப்பட்டி கண்விழிக்கிறது. முண்டாசு கட்டிய முதியவர் ஒருவர் வானத்தை அண்ணாந்து"

விட்டுவிட்டேன். கூமாப்பட்டி கண்விழிக்கிறதாம்! கொய்யா பறிக்கிறவர்கள் பல் தேய்ப்பதற்கு முன்பே தோப்பில் நிற்கிறார்கள். வானத்தையும் யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. போனைத்தான் குனிந்து பார்க்கிறார்கள், மழை இப்போது அதில்தான் முதலில் வருகிறது.

ஆ) "தூரங்களை வெல்லும் தொடர் ஓட்டத்தில் நம் உழவனும் ஒரு வீர"

இது ஆஸ்டின் எழுதிக் கொடுத்த வாக்கியம். மரியாதைக்காகப் பாதி வரை போனேன்.

இ) "போர்டில் ஸ்ரீவில்லிபுத்தூர் என்று எழுதியிருந்தது. போர்டு ராஜபாளையத்தில் இருந்தது."

இதை வைத்துக்கொண்டேன். இதில் என் கற்பனை ஒரு சொட்டும் இல்லை, அப்படியே எழுதி மாட்டியிருக்கிறார்கள்: 'ஸ்ரீவில்லிபுத்தூர் வேளாண் ரிலே மையம்.' எப்படி என்றால், மையம் எந்த ஊருக்கு என்று இரண்டு ஊர்ப் பெரிய மனிதர்களும் உட்கார்ந்து பேசினார்கள். ராஜபாளையத்தார் "மில்லும் வியாபாரமும் எங்க கிட்ட" என்றார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரார் "கோபுரம் எங்க கிட்ட" என்றார்கள். கொய்யாவுக்குக் கோபுரம் எதற்கு என்று கேட்க அந்தக் கூட்டத்தில் ஆளில்லை. முந்திரிப்பருப்பு தீர்ந்துபோகிற சமயத்தில் சமரசம் பிறந்தது. கட்டடம் ராஜபாளையத்துக்கு, பெயர் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு. எல்லோரும் எழுந்து கைகுலுக்கிக்கொண்டார்கள், இரண்டு ஊர் மானமும் தப்பித்தது.

கூமாப்பட்டியிலிருந்து யாரையும் கூப்பிட்டிருக்கவில்லை. கூப்பிட்டிருந்தால் வழி சொல்லியிருப்பார்கள். கூமாப்பட்டி வண்டி கிருஷ்ணன்கோவிலில்தான் மெயின் ரோட்டைத் தொடும். இடப்பக்கம் ஒடித்தால் மதுரை, திருச்சி, சென்னை. வலப்பக்கம் ஒடித்தால் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம். சென்னைக்குப் போக வேண்டிய கொய்யா இனிமேல் வலப்பக்கம் ஒடித்து, இரண்டு ஊரையும் கடந்து தெற்கே போய், மையத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு, வந்த வழியே திரும்பி வர வேண்டும். இதற்குப் பெயர் வேகம்.

3

இந்த இடத்தில் கட்டுரைபோலக் கொஞ்சம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரிலே என்றால் என்ன? பழைய முறையில் ஒரே லாரி, ஒரே டிரைவர். கண்ணில் தண்ணீரை அடித்துக்கொண்டு சென்னை வரை ஓட்டுவார். அங்கே திரும்பும் லோடு கிடைக்கிற வரை லாரிக்கு அடியிலேயே பாய் விரித்துக் கிடப்பார். புதிய முறையில் ராஜபாளையம் டிரைவர் திருமங்கலம் வரைதான். அங்குள்ள மையத்தில் பெட்டிகளை அடுத்த வண்டிக்கு மாற்றிவிட்டு, தன் ஊர்ப் பக்கம் வருகிற சரக்கை ஏற்றிக்கொண்டு வீட்டுச் சோற்றுக்கு வந்துவிடலாம். அடுத்த வண்டி திருச்சி வரை, அதற்கடுத்தது விழுப்புரம், கடைசி வண்டி கோயம்பேடு. பழம் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும், ஆட்கள் வீடு திரும்பிக்கொண்டே இருப்பார்கள்.

நல்ல யோசனை. கிண்டல் இல்லை, மெய்யாகவே நல்ல யோசனை. அதனால்தான் எனக்கு இம்புட்டுக் கோபம். உருப்படாத யோசனை என்றால் அதன் மேல் எத்தனை ரிப்பன் கட்டினால் எனக்கென்ன?

ஆனால் இது எங்கள் பக்கத்துக்குப் புதிதும் இல்லை. சென்னையில் இருக்கிற மகனுக்கு நார்த்தங்காய் ஊறுகாய் எப்படிப் போகிறது என்று நினைக்கிறீர்கள்? அம்மா பஸ் டிரைவரிடம் கொடுப்பாள். பஸ் நம்பர் போனில் மகனுக்குப் போகும். மதுரை மாட்டுத்தாவணியில் சித்தப்பா மகன் வாங்கி அடுத்த பஸ்ஸில் ஏற்றுவான். "நீலச் சட்டை போட்டுக்கிட்டு ஒருத்தன் வருவான், குடுத்துருங்க." ஊறுகாய் ஒருநாளும் வழிதவறியதில்லை. இதற்கு எவரும் குத்துவிளக்கு ஏற்றியதும் இல்லை.

கொய்யாவுக்கும் அப்படி ஓர் இடம் இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில், மதுரை ரோட்டில், மூடிக்கிடக்கும் ஒரு ரைஸ் மில்லின் முன்னால் உள்ள பொட்டல். வடக்கே கூமாப்பட்டியிலிருந்தும் தெற்கே தளவாய்புரத்திலிருந்தும் குட்டி வண்டிகள் வந்து நிற்கும். சென்னைக்குப் பாதி லோடோடு போகிற லாரிகள் ஒதுங்கும். ஒரு டீ குடிக்கிற நேரத்தில் பெட்டிகள் மாறிவிடும்.

இருந்தது என்று இறந்தகாலத்தில் எழுதுகிறேன், கவனித்தீர்களா? அந்தப் பொட்டலைச் சுற்றி இப்போது கம்பி வேலி. வேலியைப் போட வைத்தவள் நம் கதாநாயகி.

4

எப்சி என்பது நான் வைத்த பெயர். கூமாப்பட்டிக்குப் பக்கத்தில் உள்ள சுந்தரபாண்டியத்துப் பெண். வெளியூர்க் குடோன்களில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு, சொந்த மண்ணுக்கு நல்லது செய்யலாம் என்று இந்த மையத்தின் பொறுப்பாளராக வந்தவள். இவளை எழுதும்போது எனக்கு ஒரு சந்தேகம். ரொம்ப நல்லவளாக வந்துவிடுவாளோ? மலருக்குப் பொருத்தமாகப் போய்விடுமே! அதனால்தான் வேலி. மையம் திறந்த பிறகும் லாரிகள் பழைய பொட்டலிலேயே ஒதுங்கினால் மையத்துக்கு யார் வருவார்கள் என்று யோசித்து, அந்த இடத்தைக் கம்பெனியைக் குத்தகைக்கு எடுக்கச் சொல்லி, வேலி போட்டு, வாசலில் பூட்டும் போர்டும் மாட்ட வைத்தாள். 'ஸ்ரீவில்லிபுத்தூர் வேளாண் ரிலே மையம். வண்டிகள் நிறுத்தத் தடை.' இந்தப் போர்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு இன்னும் வேலை இருக்கிறது.

வேலி போட்ட கையோடு கூமாப்பட்டிக்குப் போனாள், அழகுத்தாயின் தோப்புக்கு. அழகுத்தாய் கொய்யாக்காரி. தோப்பை ஒட்டிய ஓடைக்கரை முழுக்க அவள் எந்தப் பக்கம் தலையாட்டுகிறாளோ அந்தப் பக்கம்தான் மற்றவர்களும்.

"சித்தி, மொத லோடு ஒங்க லோடா இருக்கணும்."

"ஏட்டி, நல்லாப் போயிட்டிருந்த எடத்துக்கு முள்வேலி கட்டிட்டு, மொத லோடு குடுன்னு வந்து நிக்க. ஒனக்குக் கூச்சமே இல்லியா?"

"கூச்சமாத்தான் இருக்கு. அதுக்காகச் சொல்லாம இருக்க முடியுமா? காலையில பறிச்சா மறுநா விடியக்குள்ள கோயம்பேட்டுல இறங்கிரும். எங்கயும் வெயில்ல கெடக்காது."

"இத நீ சொல்றியா, ஒங்க கம்பெனி சொல்லுதா?"

எப்சி ஒரு கணம் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தாள். பிறகு அதைத் திருப்பிப் போட்டாள்.

"நான் சொல்றேன் சித்தி."

"அப்ப சரி. கம்பெனிய நான் எங்க போயித் தேட? நீன்னா சுந்தரபாண்டியத்துல வந்து புடிச்சுருவேன்."

பணயம் இதுதான். எப்சியின் வாக்கு. இந்த முதல் லோடு நல்லபடியாகப் போய்ச் சேராவிட்டால் அந்த ஓடைக்கரையிலிருந்து ஒரு பழம்கூட மையத்துக்கு வராது. பழைய இடமும் பூட்டிக்கிடக்கிறது. நல்ல யோசனை நாறிப்போகும், கொய்யாவோடு சேர்ந்து.

5

இனி விழா நாள். என் தலைக்குள் நடந்த விழா.

காலையிலேயே கம்பெனி வண்டி கூமாப்பட்டியிலிருந்து வந்து சேர்ந்துவிட்டது. ஓட்டி வந்தவர் தேவஇரக்கம். சென்னை லைனில் முடி நரைத்தவர், இனிமேல் தினமும் வீட்டில் சாப்பிடலாம் என்று சொன்னதால் இந்த வேலைக்கு வந்தவர். பக்கத்து சீட்டில் அழகுத்தாய். தன் பழம் எங்கே போகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் திரும்புவேன் என்று ஏறிக்கொண்டாள்.

"கொய்யாவுக்குக் குடுத்துவச்சிருக்கு தாயி," என்றார் தேவஇரக்கம் எப்சியிடம். "வரும்போது ஒருக்கா கோபுரத்தப் பாத்துருச்சு, போகும்போது இன்னொருக்கா பாக்கும். நான் சர்ச்சுக்குப் போறவன், எனக்கும் சேத்து ரெண்டு தரிசனம்."

ஸ்டிக்கர் ஒட்டியாயிற்று. பெட்டிகள் ஏறியாயிற்று. திருமங்கலத்தில் அடுத்த வண்டி வந்து நின்றுவிட்டதாகவும் போன் வந்தது. எப்சி கேட்டைத் திறக்கச் சொல்லித் திரும்பினால், கேட்டுக்குக் குறுக்கே இரண்டு வாழை மரம். வாழை மரங்களுக்கு நடுவே சிவப்பு ரிப்பன்.

"முதல் வண்டியை சீஃப் கெஸ்ட்தான் கொடியசைச்சு அனுப்பணும்," என்றார் ஆஸ்டின். "அவர் ரிப்பன் வெட்டாம ஒரு ஈ வெளிய போகக்கூடாது."

"பின் கேட் வழியா விடலாமா சார்?"

பின் கேட்டில் மேடை போட்டிருந்தார்கள். மேடைக்குப் பின்னால் பேனர். பேனரில் விவசாயி சிரித்துக்கொண்டிருந்தார்.

ரிலே பந்தயம் பார்த்திருப்பீர்கள். அதிலும் ரிப்பன் உண்டு, ஓடி முடிப்பவன் நெஞ்சால் அதைக் கிழிப்பான். உலகத்திலேயே ஓடத் தொடங்குவதற்கு முன்னால் ரிப்பனைக் கட்டி ஓட்டக்காரனை நிறுத்திவைக்கும் ஊர் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

ஆஸ்டின் வண்டிக்குள் எட்டிப்பார்த்தார். "விவசாயி எங்க?"

"நாந்தான்," என்றாள் அழகுத்தாய்.

"வீட்டுக்காரர் வரலையாம்மா?"

"அவரு தண்ணி பாச்சுதாரு. தோப்பும் என்னுது, பேச்சும் என்னுது. என்ன கேக்கணுமோ என்கிட்டயே கேளுங்க."

ஆஸ்டின் பச்சைத் துண்டு ஒன்றை வரவழைத்து தேவஇரக்கத்தின் தலையில் முண்டாசாகச் சுற்றினார். "போட்டோவுக்கு மட்டும்."

"சார், நான் டிரைவரு."

"இன்னிக்கு நீங்கதான் விவசாயி."

"அப்ப வண்டிய யாரு ஓட்டுவா, இந்தம்மாவா?"

"வேணும்னா ஓட்டுதேன்," என்றாள் அழகுத்தாய். "மொதல்ல அந்தக் கயித்த அவுக்கச் சொல்லுங்க."

எப்சியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அட்டையில் மையப் பொறுப்பாளர் என்று இருக்கிறது. ஆனால் விழாவில் பட்டுப்புடவை கட்டி, கத்தரிக்கோல் வைத்த தாம்பாளத்தை யார் ஏந்துவது என்று பேச்சு வந்தபோது எல்லோரும் ஒரு பெண்பிள்ளையைத் தேடினார்கள். கிடைத்தது பொறுப்பாளர்தான். ஆகவே மையத்தை நடத்த வேண்டியவள் இப்போது ரிப்பனுக்குப் பக்கத்தில் குங்குமம், சந்தனம், கத்தரிக்கோலோடு நின்றுகொண்டிருக்கிறாள்.

6

எழுதுகிறவன் நீதானே, விருந்தினரை நேரத்துக்கு வரவைக்கக்கூடாதா என்று கேட்பீர்கள். முயன்றேன்.

"சொன்னபடி சரியான நேரத்துக்குச் சிறப்பு விருந்தினரின் கார் வளாகத்துக்குள்"

வாசித்துப் பார்த்தேன். நம்பும்படியாகவே இல்லை. மாயாஜாலக் கதை என்று மேலே போட்டிருந்தால்கூட நம்புவீர்களோ என்னவோ. அடித்துவிட்டேன்.

ஆக, காத்திருந்தார்கள். ஆவணி வெயில், தகரக் கூரை இல்லாத முற்றம். முதலில் "சார் கிளம்பிட்டாங்க" என்று போன் வந்தது. செத்த நேரம் கழித்து "வந்துக்கிட்டே இருக்காங்க". பிறகு "பக்கத்துல வந்துட்டாங்க". எங்கள் ஊரில் இந்த மூன்று வாக்கியத்துக்கும் ஒரே பொருள்: இன்னும் குளிக்கவில்லை.

அப்போதுதான் வாசனை வரத் தொடங்கியது.

கொய்யாவை நிறம் திரும்பும்போது பறிப்பார்கள், அப்போது வாசனை மூக்கைக் கிட்டே கொண்டுபோனால்தான் தெரியும். வண்டிக்குள் வெயில் ஏற ஏற அது பெட்டியை விட்டு வெளியே வந்தது. பிறகு தார்ப்பாயைத் தாண்டி, முற்றத்தைக் கடந்து, பந்தலுக்குள் நாற்காலி நாற்காலியாக உட்கார்ந்தது. "ஆஹா, என்னமா மணக்குது!" என்றார் முன்வரிசையில் ஒருவர். பக்கத்திலிருந்தவர் கண்ணை மூடி இழுத்து ரசித்தார். எப்சி வண்டிப் பக்கம் திரும்பினாள். இந்த வாசனை கோயம்பேட்டுக் கடைக்காரனின் மூக்குக்குப் போக வேண்டியது, நாளைக்கு. இங்கே, இன்றைக்கே, வாழ்த்துரை வழங்க வந்தவர்கள் முகர்ந்து தீர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அழகுத்தாய் இறங்கி வந்தாள். கையில் ஒரு பழம். கட்டைவிரலால் அமுக்கினாள், பள்ளம் விழுந்தது. அதை எப்சியின் தாம்பாளத்தில், கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"சித்தி..."

"நான் ஒன்னும் சொல்லலியே."

சொல்லியிருந்தால் எப்சிக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவள் தாம்பாளத்தோடே ஆஸ்டினிடம் நடந்தாள். "சார், இந்த வண்டி போகட்டும். கெஸ்ட் வரும்போது காலி வண்டி ஒன்ன நிறுத்தி வைப்போம். தார்ப்பாய் கட்டிட்டா உள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

"ரிப்பன்?"

"மறுபடி கட்டிக்கலாம்."

"வெட்டுன ரிப்பன முடிச்சுப் போட்டா போட்டோவுல முடிச்சு தெரியும் எப்சி."

இந்த வாக்கியத்தை நான் பலமுறை வாசித்துவிட்டேன். வண்டி நிறையப் பழம் தராசின் ஒரு தட்டிலும் ஒரு முடிச்சு இன்னொரு தட்டிலும் இருக்கின்றன. முடிச்சு கனமாக இருக்கிறது. இதில் ஆஸ்டின் கெட்டவர் என்று எழுத எனக்கு ஆசை. ஆனால் அவரும் தன் மேலதிகாரிக்கு ஒரு போட்டோ அனுப்ப வேண்டியவர்தான். அந்த மேலதிகாரி இன்னொருவருக்கு. அங்கேயும் ஒரு ரிலே ஓடுகிறது, அதில் மட்டும் ஒருநாளும் தாமதம் இல்லை.

7

திருமங்கலத்து வண்டிக்காரர் கடைசியாக ஒருமுறை கூப்பிட்டார். திருச்சிக்காரன் கத்துகிறான், இனி நிற்க முடியாது என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப்போனார். எப்சியின் ரிலே முதல் கண்ணியிலேயே அறுந்தது.

கூடவே விருந்தினர் எங்கே இருக்கிறார் என்ற தகவலும் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில்!

அழைப்பிதழில் 'ஸ்ரீவில்லிபுத்தூர் வேளாண் ரிலே மையம்' என்று இருந்தால் மனிதர் வேறெங்கே போவார்? அவருடைய டிரைவர் மதுரை ரோட்டில் வரும்போது அதே பெயரில் ஒரு போர்டைப் பார்த்திருக்கிறார். வேலி, பூட்டிய வாசல், போர்டு. எப்சி மாட்டிய போர்டு. கார் நின்றது. நின்ற காரைப் பார்த்த ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரிய மனிதர்கள், பெயர் நமக்கு என்றால் விழாவும் நமக்குத்தானே என்று சட்டென்று முடிவெடுத்தார்கள். மாலை வந்தது. (பால்கோவாவும் வந்தது. மன்னிக்கவும், அதைத் தடுக்க முடியவில்லை.) வேலியின் வாசலில் ரிப்பன் கட்டினார்கள், பூட்டை உடைத்தார்கள். விருந்தினர் வெட்டினார். வெறும் பொட்டலை முறைப்படி திறந்துவைத்து, பயன்படுத்திக்கொள்ளுமாறு விவசாயிகளைக் கேட்டுக்கொண்டார்.

விவசாயிகள் இருந்தார்களோ இல்லையோ, லாரிக்காரர்கள் இருந்தார்கள். கார் நகர்ந்ததும் ஒருவர் வண்டியை உள்ளே விட்டார். பேச்சிமுத்து, சென்னை லாரி. தேவஇரக்கத்துக்குப் போன் போட்டார். எல்லோருக்கும் கேட்டது.

"ஏலே தேவா, நம்ம எடத்தத் தொறந்துட்டாங்கடே! எவனோ பெரிய ஆளு வந்து ரிப்பன் வெட்டித் தொறந்துட்டுப் போறாரு. எங்கிட்டப் பாதி எடம் காலியாத்தான் கெடக்கு. கொய்யா இருந்தாக் கொண்டா. டீ சொல்லியிருக்கேன், குடிச்சு முடிக்க வரைக்கும் நிக்கேன்."

"சூடா இருக்கா ஆறிருச்சா?"

"சூடாத்தான் இருக்கு. ஊதி ஊதிக் குடிக்கேன், வா."

இப்போது பாருங்கள். வண்டி இந்த நிமிஷம் கிளம்பினால் பேச்சிமுத்துவின் லாரியைப் பிடித்துவிடலாம். பழத்துக்கு இன்னும் உயிர் இருக்கிறது. எப்சியின் வாக்கும் பிழைத்துக்கொள்ளும், அவளே வேலி போட்டு மூடிய இடத்தின் வழியாக. ஆனால் விருந்தினரும் அங்கிருந்து கிளம்பி இங்கே வந்துகொண்டிருக்கிறார், இரண்டாவது ரிப்பனுக்கு. வந்துவிட்டால் குத்துவிளக்கு, வரவேற்புரை, வாழ்த்துரைகள், பொன்னாடைகள். அதெல்லாம் முடிந்த பிறகுதான் கொடியசைப்பு. முன்வரிசையில் ஏற்கெனவே பலர் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்துத் தொண்டையைச் செருமிக்கொண்டிருக்கிறார்கள்.

தேவஇரக்கம் இன்ஜினை ஆன் செய்தார். முண்டாசைக் கழற்றவில்லை. வண்டி மெல்ல உருண்டு ரிப்பனுக்கு ஒரு சாண் முன்னால் வந்து நின்றது.

8

முடிவுகள்.

மலருக்கான முடிவு: விருந்தினர் வருகிறார். மூச்சை இழுத்து "என்ன நறுமணம்!" என்கிறார். வெட்டுகிறார். கொடியசைக்கிறார். முண்டாசு கட்டிய டிரைவர் சிரிக்கிறார். இதை எழுதிக் கொடுத்திருந்தால் நடுப்பக்கத்தில் வந்திருக்கும். அடுத்த பக்கத்தில் வண்டி எங்கே போனது என்று யார் கேட்கப்போகிறார்கள்?

இலக்கியப் பத்திரிகைக்கான முடிவு: சாயங்காலம். காலி நாற்காலிகள். அழுகிய பழங்களை ஆடுகள் தின்கின்றன. அழகுத்தாய் மலையை வெறித்துப் பார்க்கிறாள், ஒரு துளிக் கண்ணீர். இதற்கு எனக்கு நல்ல பெயர் கிடைக்கும். ஆனால் அழகுத்தாய் மலையை வெறித்துப் பார்க்கிற ஆளில்லை. அழுகினால் என்னைத்தான் வந்து பிடிப்பாள்.

மிச்சம் இருப்பது இதுதான்.

ராஜபாளையம் பக்கமிருந்து விருந்தினர் காரின் சைரன் கேட்கிறது. எப்சி தாம்பாளத்தை இடது கைக்கு மாற்றிக்கொள்கிறாள். ஆஸ்டின் ஓடி வருகிறார். கோபம், ஆகவே தளவாய்புரம்.

"ஏட்டி! கத்திரியத் தொட்டே, அட்டையக் கழட்டி வச்சுட்டு அப்படியே வீட்டுக்குப் போயிரு!"

"ஏட்டின்னு கூப்பிட எங்க சித்திக்கு மட்டுந்தான் பாத்தியதை இருக்கு சார்."

"அந்த ரிப்பன் யாருக்குக் கட்டுனதுன்னு தெரியுமா ஒனக்கு?"

"வண்டிக்கு முன்னால கட்டியிருக்கு. வண்டிக்குன்னு நெனச்சேன்."

தேவஇரக்கத்தின் போனிலிருந்து பேச்சிமுத்து: "ஏலே, பாதி குடிச்சாச்சு!"

ஆஸ்டினுக்கு நான் அனுப்பிய பிரதி இங்கே நின்றுவிடுகிறது. "எண்டிங் இல்லையே சார்," என்று திருப்பி அனுப்பினார். உண்மைதான், இல்லை. அவள் வெட்டினாள் என்று எழுதினால் நீங்கள் மனசுக்குள் கைதட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவீர்கள். வெட்டவில்லை என்று எழுதினால் ஓர் உச்சுக்கொட்டல், அதோடு சரி. முதலாவதில் வேலை எப்சிக்குப் போகும். இரண்டாவதில் பழம் அழகுத்தாய்க்குப் போகும். உங்களுக்கும் எனக்கும் என்ன போகும்? எத்தனை விழாக்களில் நாமும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, வராதவருக்காகக் காத்திருந்து, வந்ததும் எழுந்து நின்றிருக்கிறோம்! ரிப்பன் எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. ஒருவராவது எழுந்து போயிருக்கிறோமா?

ஆனால் எப்சிக்கு வேலை போகத்தான் வேண்டும் என்று இல்லை. தாம்பாளம் ஏந்துவதுதானே அவளுக்குக் கொடுத்த வேலை? அவள் அதைச் சரியாகவே செய்கிறாள். சந்தனம், குங்குமம், பள்ளம் விழுந்த ஒரு கொய்யா, கத்தரிக்கோல். தாம்பாளத்தைத் திருப்பி, கத்தரியின் பிடி உங்கள் பக்கம் வருமாறு நீட்டுகிறாள். இல்லை, ஆஸ்டினிடம் இல்லை. உங்களிடம்தான். இவ்வளவு நேரம் முன்வரிசையில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தவர் நீங்கள்தானே?

சைரன் திருப்பத்துக்கு வந்துவிட்டது. இன்ஜின் ஓடுகிறது. வாசனை இன்னும் கொஞ்சம் கூடியிருக்கிறது.

வண்டியின் ஜன்னலிலிருந்து அழகுத்தாய் தலையை நீட்டி உங்களைப் பார்க்கிறாள்.

"என்ன, பாத்துக்கிட்டே நிக்கிய? துணிதானே அது. யாரு வெட்டுனா என்ன?"